‘ஓடுதுல்ல’ கோட்பாடு: செஞ்சியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்: காரின் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரியும்போது தமிழன் அதைப் பார்த்துவிட்டு ஏன் எஃப்.எம். சத்தத்தைக் கூட்டுகிறான் என்பதை அறிதல். ஆய்வின் எல்லை: திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலை. ஆய்வுக் காலம்: தைப் பொங்கலுக்கும் கத்திரி வெயிலுக்கும் இடைப்பட்ட நான்கு மாதம். ஆய்வுப் பொருள்: ஆய்வாளர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் கார். நிதி நல்கியவர்: ஆய்வாளரின் மனைவி. தாம் நிதி நல்கியிருக்கிறோம் என்பது அவருக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

முதலில் சொற்பொருள். அந்த விளக்கின் வடிவம் எதைக் குறிக்கிறது என்பதில் அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. குழாய் வைத்த தண்ணீர்த் தொட்டி என்பது என் மாமியார் கொள்கை. மிக்ஸி மோட்டார் என்பது தெருமுனை டீக்கடைக் கொள்கை. பக்கத்து வீட்டுப் பொடியன் ஆமை என்றான். தலை எந்தப் பக்கம் என்பதில்தான் அவனுக்குச் சந்தேகம். ஒர்க்‌ஷாப்பில் அதற்கு ‘செக் லைட்’ என்று பெயர். வரைந்திருப்பது இன்ஜினின் பக்கவாட்டுத் தோற்றம்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. இதைத் தயாரித்த ஜப்பான்காரர்களும் ஜெர்மன்காரர்களும் மஞ்சளை எச்சரிக்கை என்று நினைத்துவிட்டார்கள். நமக்கு மஞ்சள் என்றால் தாலிக் கயிறு, பத்திரிகையின் நான்கு மூலை, புது வண்டிக்கு வைக்கும் பொட்டு. மஞ்சளைக் கண்டு பயப்பட நம்மை யாரும் வளர்க்கவில்லை. சிவப்பில் வைத்திருந்தால் இந்த ஆய்வே தேவைப்பட்டிருக்காது.

இத்துறையின் முதல் நூலாசிரியர் என் மச்சான். திண்டிவனத்தில் இருக்கிறார். பொங்கல் முடிந்த மறுவாரம் விளக்கு எரியத் தொடங்கியதும் அவருக்குத்தான் போன் செய்தேன். “வண்டி ஓடுதுல்ல மாமா? அப்புறம் என்ன?” என்றார். சூத்திரம் அவ்வளவுதான். சில எழுத்தில் பல பொருளை அடக்க வேண்டும் என்று நன்னூலார் கேட்ட இலக்கணம் முழுக்க இதில் உண்டு. ஓடுகிற வண்டி நல்ல வண்டி, நல்ல வண்டியில் எரிகிற விளக்கு கெட்ட விளக்கு, கெட்ட விளக்கை நம்பி நல்ல வண்டியைச் சந்தேகிப்பது பாவம் என்று உரை விரியும்.

சூத்திரத்துக்கு உரையாசிரியர்கள் பலர். அவர்களுள் பேட்டரிப் பிரிவினர் மூத்தவர்கள். பேட்டரியின் மைனஸ் முனையைப் பத்து நிமிஷம் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்பது அவர்கள் துணிபு. அணைவதும் உண்மைதான். வண்டியின் கம்ப்யூட்டருக்கு நினைவு அழிந்துபோவதே காரணம். பெரும்பாலான பிழைகளை அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்திலாவது கண்டால்தான் அது மறுபடி விளக்கைப் போடும். ஆகவே உரையாசிரியருக்கு இரண்டு மூன்று நாள் புகழ் நிச்சயம். டேப் பிரிவினர் பிற்காலத்தவர். விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கிள்ளி ஒட்டுவார்கள். சாமி ஸ்டிக்கர் ஒட்டுவோரும் உளர். அவர்களை டேப் பிரிவின் பக்தி மரபு என்று கொள்ளலாம். ஆய்வாளர் தை மாதம் பேட்டரிப் பிரிவில் இருந்தார்; மாசியில் டேப் பிரிவுக்கு மாறினார்.

இனி விளக்குக்குப் பின்னால் நடப்பது. இதை வள்ளுவர் வழியே சொல்வதுதான் எளிது. குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். நாட்டில் நடப்பதை மன்னனுக்கு ஒற்றர்கள் சொல்வதுபோல், இன்ஜினில் நடப்பதைக் கம்ப்யூட்டருக்குச் சென்சார்கள் சொல்கின்றன. கிராங்க் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, உள்ளே போகும் காற்று எவ்வளவு, ஆக்ஸிலேட்டர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, சைலன்சர் வழியே போகும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று ஆளுக்கொரு வேலை. ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாதபடி வைக்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். வண்டியில் ஒரு சென்சாருக்கு இன்னொன்றைத் தெரியாது. ஒருவன் சொன்னதை மற்றொருவனை விட்டுச் சரிபார் என்கிறார். கம்ப்யூட்டர் அதைத்தான் செய்கிறது. ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே என்றும் சொல்கிறார். கார் கம்பெனிகள் இதைக் கொஞ்சம் அதிகமாகவே பின்பற்றி, பாதிச் சென்சார்களை யார் கைக்கும் எட்டாத சந்தில் வைத்திருக்கின்றன.

ஒற்றர் சொன்னது பொருந்தவில்லை என்றால் கம்ப்யூட்டர் ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட ஓலை எழுதி வைத்துவிட்டு விளக்கை ஏற்றும். ஓலையைப் படிக்க ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசித் துளை கொண்ட ஒரு சாக்கெட் உண்டு. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் இது கட்டாயம். நம் நாட்டில் 2010இல் ஒரு வடிவிலும் 2013இல் முழுமையாகவும் வந்தது. படிக்கும் கருவிக்கு ஒர்க்‌ஷாப்பில் ‘ஸ்கேனர்’ என்று பெயர்.

மாசியில் ஒரு இடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். பி0172. பெட்ரோல் கலவை கெட்டியாகப் போகிறது என்று பொருள். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று எடைக் கணக்கில் இருக்க வேண்டும், இங்கே பெட்ரோல் கூடுகிறது என்று புகை வழியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் புகார் கொடுத்திருந்தது. “ஓ-டூ சென்சார் போயிருக்கும் சார், மாத்திடலாமா?” என்றார் அங்கிருந்த தம்பி.

ஆய்வாளர் தம் வாழ்வின் மிகப் பெரிய தருக்கப் பிழையைச் செய்த இடம் இது. போனது சென்சார்தானே, இன்ஜின் இல்லையே என்று நினைத்தார். சென்சார் கெட்டிருந்தால் அது சொல்வது பொய். பொய்க்கு எதற்குச் செலவு? கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒற்றன் சொல்வது பொய் என்று தெரிந்தது எனக்கு, மன்னனுக்குத் தெரியாதே. கம்ப்யூட்டர் அந்தப் பொய்யை நம்பி நாளெல்லாம் பெட்ரோலை அளந்து ஊற்றிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு இந்த வழக்கில் ஆக்சிஜன் சென்சார் பொய்யே சொல்லவில்லை. வண்டியிலேயே உண்மை பேசிய ஒரே ஆள் அதுதான். அதன் வாயைத்தான் டேப் ஒட்டி மூடியிருந்தேன்.

பங்குனியில் சான்றுகள் குவிந்தன. லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி 11 கொடுத்தது. பங்கில் அளவு குறைக்கிறான் என்று முடிவுகட்டினேன். சைலன்சர் முனையில் கரி படிந்தது. நல்ல வண்டிக்குத் திருஷ்டிப் பொட்டு. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும், மதியச் சூட்டில் மூக்கடைத்தவன் போலத் திணறும். ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். குறையவே இல்லை, ஒரு நூல் கூடியிருந்தது. வண்டி தானே ஆயில் சுரக்கிறது என்று மச்சானிடம் பெருமையாகச் சொன்னேன். அவரும் ஆமோதித்தார்.

சித்திரைப் பௌர்ணமி அன்று கள ஆய்வு உச்சத்தைத் தொட்டது. திருவண்ணாமலை கிரிவலத்துக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். திண்டிவனம் தாண்டியதும் வண்டி மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியது. இழுவை இல்லை. டேப்பின் ஓரத்தில் மஞ்சள் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்தது. “விட்டுவிட்டுத்தான் எரியுது, பாதி சரியாயிடுச்சு” என்று மனைவிக்குச் சொன்னேன். உண்மையில் அந்த விளக்கு நின்று எரிந்தால் ‘சீக்கிரம் வந்து பார்’ என்று பொருள். மின்னினால் ‘இப்போதே காலை எடு’ என்று பொருள். எரியாத பெட்ரோல் புகை வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்துகொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

செஞ்சியைக் கடந்தால் சாலை கோட்டைக்கு நடுவே புகுந்து போகும். ஒரு பக்கம் ராஜகிரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி. அந்த இடத்தில் வண்டி நின்றது. மதியம் ஒன்றரை மணி. யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டியது போலக் குவிந்து கிடக்கும் கருங்கல் பாறைகள் இரண்டு பக்கமும் அனலைத் துப்பின. கிரிவல ஸ்பெஷல் பஸ்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஜன்னலோரம் இருந்த ஒவ்வொருவரும் எங்களைப் பார்த்துவிட்டு, பிறகு கோட்டையைப் பார்த்தார்கள்.

மெக்கானிக் வரும்வரை எனக்கும் கோட்டையைப் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது, 1690இல் முற்றுகையிட்ட முகலாயத் தளபதி சுல்பிகர் கானுக்கு உள்ளே நுழைய 1698 வரை ஆயிற்று. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் எடுத்துக்கொண்டது. உச்சிக்குப் போகும் வழியில் பாறைப் பிளவும் அதன் மேல் பாலமும் அப்படியேதான் இருந்தன, மதிலும் அதே கல். எட்டு வருஷம் எங்கே, ஒரு ராத்திரி எங்கே. அன்றைக்குக் காவலில் இருந்தவர்களில் எவனாவது கீழே வெளிச்சம் தெரிகிறது என்று சொல்லியிருப்பான், மற்றவன் ‘கோட்டை நிக்குதுல்ல?’ என்றிருப்பான் என்பது ஆய்வாளரின் கருதுகோள். நடுரோட்டில் கார் நின்றவனுக்கு எந்த வரலாற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ள உரிமை உண்டு. யுனெஸ்கோ 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான். என் கள ஆய்வு அதற்குள் வரவில்லை.

மெக்கானிக் பைக்கில் வந்தார். ஸ்கேனரைச் சொருகினார். பார்த்தார், கழற்றினார், சட்டையில் துடைத்தார், மறுபடி சொருகினார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். கூலன்ட் வெப்பநிலை: மைனஸ் 40 டிகிரி.

“சார், உங்க வண்டி இமயமலையில நிக்கறதா நெனச்சிக்கினு இருக்கு சார்.”

செல்சியஸும் பாரன்ஹீட்டும் ஒரே எண்ணில் சந்திக்கும் இடம் மைனஸ் 40. அந்த அபூர்வமான புள்ளியைக் கத்திரி வெயிலில், செஞ்சியில், என் கார் தொட்டிருந்தது. காரணம் சாதாரணம். தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். குளிர்ந்தால் கூடும். அதன் கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறித் தடை கூடியிருந்தது. அதனால் தையிலிருந்தே கொதிக்கும் இன்ஜினைக் குளிர்ந்த இன்ஜின் என்று சொல்லிவந்திருக்கிறது. குளிரில் நடுங்கும் பிள்ளைக்குக் கம்பளி போர்த்துவதுபோல் கம்ப்யூட்டரும் கூடுதல் பெட்ரோலை ஊற்றிவந்திருக்கிறது. ஆக்சிஜன் சென்சார் கத்தியது இதைப் பற்றித்தான். இன்று அந்த வயரும் விட்டுப்போய், தடை எல்லையில்லாமல் ஏறி, அளவுகோலின் அடிமட்டத்துக்கு எண் போய்விட்டது. பி0118 என்று புது ஓலையும் எழுதப்பட்டிருந்தது.

மெக்கானிக் ஆயில் ஸ்டிக்கை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். பெட்ரோல் வாசம். வண்டி ஆயில் சுரக்கவில்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்திருந்தது. நான்கு பிளக்கும் கண்மை டப்பாவில் தோய்த்தெடுத்தவை போல இருந்தன. கன்வெர்ட்டரைப் பிறகு கழற்றியபோது, உள்ளே தேன்கூடு போல இருக்க வேண்டிய பீங்கான் உருகி ஒரு பக்கம் கட்டியாகிக் கிடந்தது. அந்தத் தேன்கூட்டின் மேல் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். கடைசியாகச் சொன்னது தங்கத்தைவிட விலை கூடியது. தன் கழுத்தில் இருப்பதைவிட உயர்ந்த உலோகம் வண்டிக்கு அடியில் இருந்ததை நிதி நல்கியவர் அன்றுதான் அறிந்தார். கனெக்டருக்கும் வயருக்கும் ஆனது ஹோட்டலில் நாலு பேர் சாப்பிடும் காசு. மற்றதற்கு ஆனதை அவர் இருக்கும் வீட்டில் உட்கார்ந்து எழுத எனக்குத் துணிவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். எட்டும் இந்த ஒரு விளக்கில் அடங்கும் என்பது இவ்வாய்வின் முடிவு. மாமியார் தண்ணீர்த் தொட்டி என்றபோது நகை, பேட்டரி கழற்றிய மூன்று நாளும் உவகை, ஆயில் கூடியபோது பெருமிதம், மிஸ்ஸிங்கில் அச்சம், பஸ் ஜன்னல்களுக்கு முன்னால் வண்டியைத் தள்ளியபோது இளிவரல், மைனஸ் 40இல் மருட்கை, பில்லில் அழுகை. வெகுளி மட்டும் ஆய்வாளருக்கு வரவில்லை. அதை மனைவி எடுத்துக்கொண்டார்.

மறுப்புரை ஒன்றும் உண்டு; மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். என் மச்சான் காரில் ஐந்தாம் வருஷமாக மஞ்சள் விளக்கு எரிகிறது. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டியதற்கு, “உங்க வண்டிக்கு ராசி சரியில்ல மாமா” என்றார்.

வருகிற பௌர்ணமிக்கு அவர் வண்டியில்தான் போகிறோம். ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, பானெட்டைத் திறந்துவைத்து ஒரு குடும்பம் நிற்பதைக் கண்டால், வாசகர்கள் தயவுசெய்து வண்டியை நிறுத்தவும். நாங்கள் ஐந்து பேர்.