‘டிஸ்ப்ளே வரல’: கைமாறிய கணினியின் திரைப்பிணிகள் குறித்து ஒரு சிற்றாய்வு

1. ஆய்வின் தேவை

பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றுகிறது. விளக்கு எரிகிறது. திரை மட்டும் அமாவாசையாக இருக்கிறது. இந்நிலையைத் தமிழ் வீடுகள் ‘டிஸ்ப்ளே வரல’ என்ற இரு சொற்களால் குறிக்கின்றன. வயிற்றுவலி என்று வருபவருக்கு எத்தனை நோய்கள் இருக்கக்கூடுமோ, அத்தனையும் இந்த இரு சொற்களுக்குள் அடங்கும். அவற்றைப் பிரித்து வகைசெய்யவே இச்சிறுமுயற்சி.

2. ஆய்வுப் பொருளும் கலைச்சொல்லும்

இவ்வாய்வாளர் வீட்டு மேசைக் கணினியே ஆய்வுப் பொருள். ‘ஒரே கைதான் சார் மாறியிருக்கு, புதுசு மாதிரி’ என்று சொல்லி விற்கப்பட்டது. மூடியைத் திறந்தபோது மூன்று கடைகளின் வாரண்டி ஸ்டிக்கர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. ஒரே சுவரில் மூன்று அரசர் காலத்துக் கல்வெட்டுகளைக் கண்டவரின் பரவசம் ஒரு கணம் உண்டானது. கொடுத்த பணம் நினைவுக்கு வந்ததும் அது அடங்கியது.

‘சிபியு’ என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சில்லின் பெயர். நம் வீடுகளில் அது பெட்டி முழுவதையும் குறிக்கும். இதைப் பிழை என்பார் இலக்கணம் அறியாதார். ‘வெற்றிலை நட்டான்’ என்றால் கொடியை நட்டான் என்று கொள்வதுபோல, இதுவும் முறையான சினையாகுபெயரே.

3. கருதுகோள்

பழுது எப்போதும் மலிவான பொருளில் இருக்கும். சந்தேகம் எப்போதும் விலையுயர்ந்த பொருளின்மேல் விழும். திரை இருண்டதும் ‘மதர்போர்டு போயிருக்கும்’ என்று சொல்லாத உறவினர் இல்லை. ‘வயர் கழண்டிருக்கும்’ என்று சொல்பவருக்கு அறிவாளி என்ற பெயர் கிடைப்பதில்லை.

4. பிணி வகைகள்

4.1 ஓலை வாராமை: திரையில் ஒரு சிறு கட்டம் மிதந்து ‘நோ சிக்னல்’ என்று சொன்னால் மகிழ வேண்டும். மானிட்டருக்கு உயிரும் இருக்கிறது, பேச வாயும் இருக்கிறது. பெட்டியிலிருந்துதான் ஓலை வரவில்லை. கிராபிக்ஸ் கார்டு தனியாக மாட்டிய பழைய பெட்டிகள் பலவற்றின் முதுகில் இரண்டு விஜிஏ வாய்கள் இருக்கும்: ஒன்று மதர்போர்டுக்கு, மற்றது கார்டுக்கு. கார்டு வந்ததும் பல போர்டுகளில் முன்னது ஊமையாகிவிடும். ஆயுத பூசைக்காக மேசையைத் துடைத்தவர் கேபிளைக் கழற்றி ஊமை வாயில் செருகிவிட்டால், இரண்டு நாள் கழித்துக் குற்றம் மதர்போர்டின்மேல் சுமத்தப்படும்.

4.2 காமாலை: விஜிஏ இணைப்பை ஐபிஎம் நிறுவனம் 1987-இல் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்தது. மூன்று வரிசையில் 15 ஊசிகள். முதல் மூன்றும் முறையே சிவப்பு, பச்சை, நீலம். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாத, பித்த, கப நாடி பார்ப்பவருக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். நீல ஊசி வளைந்தால் வெள்ளைத் திரை மஞ்சளாகும். பச்சை போனால் வாடாமல்லி. சிவப்பு போனால் ஏறக்குறைய மயில்கழுத்து. (நிறம் சொல்ல ஜவுளிக்கடைச் சொற்களே துல்லியமானவை.) காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழி, இங்கே கண் நலம், கண்டதற்குத்தான் காமாலை. மருந்து: கேபிளைக் கழற்றி, வளைந்த ஊசியை மெல்ல நிமிர்த்துதல்.

ஓர் எச்சரிக்கை. ஒன்பதாம் ஊசி பல கேபிள்களில் பிறவியிலேயே இருக்காது. அதை முறிந்ததாகக் கருதிக் கேபிளைக் குப்பையில் போடுவது ஆய்வுப் பிழை. இவ்வாய்வாளர் ஒன்றைப் போட்டிருக்கிறார்.

4.3 தோன்றி மறைதல்: படம் இரண்டு வினாடி காட்சி தந்து மறையும். இருட்டறையில் டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால், படம் அங்கேயே இருக்கிறது. பழைய எல்சிடியின் பின்னிருந்து ஒளி தரும் மெல்லிய குழல்விளக்கோ, அதற்கு மின்சாரம் ஊட்டும் இன்வெர்ட்டரோ களைத்துவிட்டது. கருவறை விளக்கு அணைந்தால் மூலவரே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

4.4 உள்நோய்: அவார்டு பயாஸ் உள்ள கணினிகள் ஒரு நெடிலும் இரு குறிலுமாகக் கூவினால், குறை காட்சிப் பகுதியில் என்று பொருள். யாப்பு தெரிந்தவருக்கு இது எளிது. ஆனால் கைமாறிய பெட்டிகளில் அந்தச் சிறு ஸ்பீக்கரை யாரோ எப்போதோ கழற்றியிருப்பார்கள். ஆகவே நோயாளி வாய் பேசாதவர்.

அடுத்து ரேம். அதன் பொன்முலாம் பூசிய விளிம்பில் அழுக்கேறினால் திரை எழாது. பிள்ளைகளின் பென்சில் டப்பாவிலிருந்து அழிரப்பரை எடுத்துத் தேய்ப்பது தமிழகமெங்கும் நிலவும் வைத்தியம்.

கடைசியாக, மதர்போர்டில் நிற்கும் உருளைவடிவக் கெப்பாசிட்டர்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த பலவற்றில் உள்ளிருந்த மின்பகுதிரவம் தரமற்றது. தட்டையாக இருக்க வேண்டிய தலை பூரி போல உப்பியிருந்தால் பழுது அங்கேதான். மதர்போர்டே போய்விட்டதென்று உறவினர் சொன்னது இப்போது பாதி உண்மையாகும். போனது அதிலுள்ள சில ரூபாய்ப் பொருள்.

5. மரபுவழிச் சிகிச்சைகள்

முதன்மையானது அடி. எதிர்வீட்டு மாமா இதில் வல்லவர்; மானிட்டரின் இடப்பக்கத்தில், உள்ளங்கையால், ஒரே தட்டு. திரை வந்துவிடும். உள்ளே விரிசல் விட்ட பற்றவைப்பு அந்த அதிர்ச்சியில் மீண்டும் ஒட்டிக்கொள்வதே காரணம். மறுநாள் விலகும்; மாமாவும் மறுநாள் வருவார். அந்த விரிசலைத் தேடிப் பழைய குழாய்த் திரையை மட்டும் திறக்கவே கூடாது. வண்ணக் குழாய்க்குள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்சம் தங்கியிருக்கும். அதைத் திறந்தால் ஆய்வேட்டை வேறொருவர் முடிக்க நேரும்.

6. ஆய்வும் முடிவும்

அறிவியல் நெறிப்படி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மலிவானதிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் சுவர் பிளக், அப்புறம் கேபிள், அப்புறம் ரேம் என்ற வரிசையை இவ்வாய்வாளர் தாளில் எழுதியும் வைத்திருந்தார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை திரை இருண்டதும் பதற்றத்தில் கேபிளைப் பிடுங்கி, ரேமை உருவித் தேய்த்து, மதர்போர்டு பேட்டரியைக் கழற்றி, இருந்த தூசியை எல்லாம் வாயால் ஊதி, அத்தனையையும் ஒரே மூச்சில் திரும்ப மாட்டினார். பொத்தானை அழுத்தினார். டிஸ்ப்ளே வந்தது.

எதனால் வந்தது? கேபிளா, ரேமா, பேட்டரியா, தூசியா? நான்கையும் சேர்த்துத் தொட்டதால் நான்குமே சாட்சி சொல்ல மறுக்கின்றன. கருதுகோளை மெய்ப்பிக்க ஒரே வழி, ஊதிய தூசியை மீண்டும் உள்ளே போட்டுப் பார்ப்பது. மேல் ஆய்வுக்காகக் கேபிளைச் சற்றே தளர்த்தலாமென்று இவ்வாய்வாளர் கை நீட்டியபோது, அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: “வேலை செய்யுதுல்ல? கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருடா.”

ஆய்வு இத்துடன் நிறுத்திவைக்கப்பட்டது. மூடியின் திருகாணிகளில் இரண்டு இன்னும் மேசைமேல் மீதமிருக்கின்றன.