கொல்லைக்குள் ஊட்டி: கேள்வி – பதில்

இந்த முறை வந்த தபாலில் பாதி ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலிருந்து. ஆளாளுக்குக் கொல்லையில் ஒரு பசுமைக்குடில் கிட் வந்து இறங்கியிருக்கிறது போலிருக்கிறது. எனவே சினிமா, அரசியல் கேள்விகளுக்கு இந்த இதழில் விடுமுறை.

வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளை பசுமைக்குடில் கிட் ஒன்று அனுப்பியிருக்கிறார். குழாய், பாலித்தீன் ஷீட், ஜிப் வைத்த கதவு எல்லாம் இருக்கிறது. சித்திரையில் போட்டுத் தக்காளி வைக்கலாமா?
– ஒரு மாமனார், மண்டபம்

தாராளமாக வைக்கலாம். தக்காளி கிடைக்காது, தக்காளி வற்றல் கிடைக்கும்.

இந்த மாதிரிப் பெட்டி குளிர் தேசத்துக்காகச் செய்தது. அங்கே வெயில் என்றாவது எட்டிப் பார்க்கும் விருந்தாளி. வந்ததும் கதவைச் சாத்திப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மண்டபத்திலோ வெயிலுக்கு ரேஷன் கார்டிலேயே பெயர் இருக்கிறது. வெளியே 35 டிகிரி அடிக்கும் மதியத்தில் மூடிய ஷீட்டுக்குள் 50-ஐத் தொட்டுவிடும். பகல் வெப்பம் 35-ஐத் தாண்டி நின்றாலே தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துபோய், பூ காம்போடு உதிரத் தொடங்கும். செடி பச்சையாக நிற்கும், நீங்கள் உரக்கடைக்கு அலைவீர்கள்.

மாப்பிள்ளை மனம் கோணாமல் இருக்க ஒரு வழி உண்டு. குழாய்களை நட்டு, ஷீட்டையும் போர்த்தி, பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். அன்று சாயங்காலமே ஷீட்டைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு, குழாய்களின் மேல் 35 சதவீத நிழல்வலையைக் கட்டுங்கள். பக்கவாட்டில் காற்று புகுந்து போகட்டும். நமக்கு வேண்டியது நிழல். சூடு இலவசமாகவே வருகிறது.

கண்ணாடிக்குள் வந்த வெப்பக் கதிர் வெளியே போக முடியாமல் மாட்டிக்கொள்வதால்தான் பசுமைக்குடில் சூடாகிறது என்று படித்தோம். சரிதானே?
– பிளஸ் டூ மாணவி, ராமநாதபுரம்

பரீட்சையில் அப்படியே எழுதுங்கள். மதிப்பெண்ணை வாங்கிய பிறகு இதைப் படியுங்கள்.

1909-இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு பெட்டிகள் செய்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. இன்னொன்றுக்கு, நம்ம ஊருக்குப் பிடித்த மாதிரி, உப்பு மூடி. இந்துப்பைப் பலகையாக அறுத்தது. உப்புப் பலகை வழியாக வெப்பக் கதிர் தடையில்லாமல் வெளியே போய்விடும், கண்ணாடி விடாது. கதிர் மாட்டிக்கொள்வதுதான் காரணம் என்றால் உப்புப் பெட்டி குளிர்ந்தே இருந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி வெயிலில் வைத்தபோது இரண்டுமே சுமார் 55 டிகிரிக்குப் போயின. வித்தியாசம் ஒரு டிகிரிகூடத் தேறவில்லை. பெட்டியைச் சூடாக்கியது உள்ளே அடைபட்ட காற்று. சூடான காற்று மேலே ஏறித் தப்பிக்க வழியில்லை, அவ்வளவுதான்.

மண்டபம் மாமனாருக்குச் சொன்ன வைத்தியமும் இதிலிருந்து வந்ததுதான். கூரை உச்சியில் ஒரு திறப்பும் பக்கத்தில் ஒரு திறப்பும் இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. கிட்டோடு வரும் கதவு ஜிப் இதற்குப் போதாது.

ஓசூரில் பாலித்தீன் குடிலுக்குள்தானே ரோஜா வளர்த்துக் காதலர் தினத்துக்கு ஏற்றுமதி செய்கிறார்கள்? நம்மால் மட்டும் ஏன் முடியாது?
– தொழில்முனைவோர், தேவிபட்டினம்

ஓசூர் கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 3,000 அடியில், குளிர்ச்சியாக இருக்கிறது. தேவிபட்டினத்தில் நவக்கிரகமே கடலுக்குள் நிற்கிறது.

நிழல்வலை வாங்கப் போனால் 35, 50, 75, 90 என்று வரிசையாக நீட்டுகிறார்கள். 90 வாங்கினால் ரொம்ப நாள் வரும் என்கிறார் கடைக்காரர்.
– உச்சிப்புளி வாசகர்

வரும். கார் நிறுத்த நல்ல கொட்டகை.

எண் எவ்வளவோ அவ்வளவு சதவீத வெயிலை வலை தடுக்கிறது. கத்தரி, மிளகாய், வெண்டை மாதிரிக் காய்ப்பவற்றுக்கு 35 போதும். நாற்றங்கால், புதினா, கொத்தமல்லி, கீரைக்கு 50. எழுபத்தைந்துக்கு மேல் குரோட்டன்ஸும் பெரணியும் வைத்து அழகு பார்க்கத்தான் ஆகும். நாற்று கணுவுக்குக் கணு நீண்டு, வெளிறி, வெளிச்சம் வரும் பக்கமாகச் சாய்கிறதா? நிழல் கூடிவிட்டது. இலை விளிம்பு மொறுமொறுவென்று காய்கிறதா? போதவில்லை.

அப்புறம், ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு இந்த உபசாரமே வேண்டாம். மானாவாரியாக, திறந்த வெயிலில் விளைந்துதான் அது 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதைக் குடிலுக்குள் வைத்துக் கொஞ்சாதீர்கள்.

கிட் வந்து மூன்று மாதம் ஆகிறது. எந்தக் குழாயை எதில் சொருகுவது என்று வீட்டுக்காரருக்கு இன்னும் பிடிபடவில்லை. நாலு போல்ட்டும் குறைகிறது என்கிறார்.
– இல்லத்தரசி, ராமேஸ்வரம்

1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் தூண்கள்தான் மிஞ்சின, இரும்புத் தூலங்கள் பெரும்பாலும் கடலுக்குள் போய்விட்டன. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் அதை 46 நாளில் நிமிர்த்தி ரயில் விட்டார். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டியவர் அவர்தான். உங்கள் வீட்டுக்காரர் காதில் இதைப் போட்டு வையுங்கள். தங்கச்சிமடத்து வெல்டிங் பட்டறைக்கு வழி கேட்பார்.

ஜி.ஐ. குழாய் துருப்பிடிக்காது என்று சொல்லித்தானே விற்றார்கள்? எட்டு மாதத்தில் சிவந்துவிட்டதே!
– பாம்பன் வாசகர்

குழாயின் நடுப்பகுதியைப் பாருங்கள், வெள்ளையாகத்தான் இருக்கும். அறுத்த முனை, போல்ட்டுக்குத் துளை போட்ட இடம், மண்ணைத் தொடும் அரையடி – இந்த மூன்றிலும்தான் துரு ஆரம்பித்திருக்கும். துத்தநாகப் பூச்சு அங்கேதான் கிழிந்திருக்கிறது. உப்புக் காற்றுக்கு அந்த வாசல் போதும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. அதே காற்று உங்கள் கொல்லைக்கு மட்டும் சலுகை காட்டுமா?

நடுவதற்கு முன்பே அறுத்த முனைகளுக்குத் துத்தநாகப் பெயின்ட் அடித்து, மூடி போட வேண்டும். போல்ட், நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்ற வேண்டும். மண்ணுக்குள் போகும் பகுதிக்கு பி.வி.சி. உறை. இவ்வளவு செலவு எதற்கு என்றால் சவுக்குக் கம்பு இருக்கிறது. அதற்குத் துருவே கிடையாது, கரையான் மட்டும்தான்.

ஆடி மாதக் காற்றில் குடில் எழுந்து பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டது. மணலில் எப்படி நிறுத்துவது?
– தங்கச்சிமடம் வாசகர்

பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இருக்கிறது அல்லவா? நல்லது.

கிட்டில் வரும் ஒரு சாண் முளையெல்லாம் களிமண்ணுக்கு. மணலில் அடித்தால் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். காலி சிமென்ட் சாக்கில் மணல் நிரப்பி, வாயைத் தைத்து, நடுவில் நைலான் கயிற்றைச் சுற்றிக் கட்டி, இரண்டடி ஆழத்தில் படுக்கைவாட்டில் புதையுங்கள். கயிறு சாய்வாக மேலே வந்து குழாயின் தோளைப் பிடிக்கட்டும். மூலைக்கு ஒன்று, நீளப் பக்கத்தில் நடுவே ஒன்று. முடிச்சு எப்படிப் போடுவது என்று எனக்கு எழுதாதீர்கள். தெருவில் படகு வைத்திருப்பவர் யாரையாவது கேளுங்கள். குடிலின் குறுகலான பக்கம் அந்த ஆடி மாதக் கச்சான் காற்றைப் பார்த்திருக்க வேண்டும். உயரம் ஏழடிக்கு மேல் வேண்டாம்.

பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கே சிவப்பு விளக்கு விழுந்தது. உங்களுக்கும் ஒரு விதி வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் கொல்லையில் வலை இறங்க வேண்டும். வெறும் குழாய்ச் சட்டத்தைக் காற்று சட்டை செய்யாது. வலையோடு நின்றால்தான் அதைப் பாய்மரமாக நினைத்துக்கொள்ளும்.

பரணில் போடச் சொல்லும் அந்த ஷீட் எதற்குமே ஆகாதா?
– அதே மாமனார், மண்டபம் (இரண்டாம் கடிதம்)

ஐப்பசி பிறக்கட்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்வதில் ஏறத்தாழப் பாதி. அப்படிப்பட்ட மழையில் முளைத்து நாலு நாளான கீரைக்கு ஷீட் கூரைதான் உயிர். பக்கங்களைத் திறந்தே வைத்து, மேலே மட்டும் போர்த்துங்கள். ஓரத்தில் ஒரு பி.வி.சி. குழாயை நெடுக அறுத்து வாய்க்காலாக மாட்டினால் இன்னொரு லாபமும் உண்டு. 100 சதுர அடி ஷீட்டில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 90 லிட்டர் தேறும். அது நல்ல தண்ணீர். இந்தக் கரையில் அதன் விலை உங்களுக்கே தெரியும்.

போர் போட்டபோது தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. இப்போது கரிக்கிறது. செடியின் நுனி கருகுகிறது.
– ஓய்வுபெற்ற தபால்காரர், வேதாளை

மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீர் இருக்கிறது. அதன் மேல் மழைத் தண்ணீர் மெல்லிய அடுக்காக மிதக்கிறது, எடை குறைவு என்பதால். நிலத்தடி நல்ல தண்ணீரின் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி வரை ஏறிவரக்கூடும் என்பது கடலோர நீரியலின் பழைய கணக்கு. தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டி, ஊறுகிற தண்ணீரை அகப்பையில் மொண்டு எடுக்கிறார்களே, அவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நினைக்கிறீர்களா? மேலாக, கொஞ்சமாக, மெதுவாக எடுத்தால் நல்ல தண்ணீர். நீங்கள் மோட்டாரைப் போட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போயிருப்பீர்கள்.

ஆழத்தைக் கூட்டாதீர்கள், அது உப்பைத் தேடிப் போவது. சொட்டுக் குழாய் போட்டு, சேமித்த மழைத் தண்ணீரைக் கலந்து விடுங்கள். மண்ணுக்கு மேல் தென்னை மட்டையோ சருகோ மூடாக்குப் போடுங்கள். ஈரம் ஆவியானால் உப்பு மேலே தங்கிவிடும். பீன்ஸ் ஆசையை விட்டுவிடுங்கள், உப்பு என்றாலே சுருண்டுவிடும். பீட்ரூட் தாங்கும். பருப்புக் கீரை ரொம்பவே தாங்கும்.

பூச்சி வராமல் பொடிக்கண் வலையால் நாலு பக்கமும் மூடிவிட்டேன். பீர்க்கை, பாகல் இரண்டும் பூத்துக் குலுங்குகிறது. பிஞ்சு ஒன்றுகூட நிற்கவில்லை.
– ஆசிரியை, தொண்டி

பூச்சி வரவில்லை. தேனீயும் பூச்சிதான்.

இனி அந்த வேலை உங்களுடையது. ஒல்லிக் காம்பில் நிற்பது ஆண் பூ. அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் முடியில் ஒற்றுங்கள். பாகலுக்குக் காலையில் செய்ய வேண்டும். பீர்க்கம்பூ மாலையில்தான் விரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து காபி குடித்த பிறகு போனால் சரியாக இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் முடிக்கலாம் என்று காலையில் போனால் பீர்க்கை உங்களை மதிக்காது. தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஒற்றுகிற வேலை இல்லை, செடியை லேசாக உலுக்கினால் போதும்.

கிட்டே இல்லாத காலத்தில் நம்மவர்கள் என்ன செய்தார்கள்?
– கல்லூரி மாணவர், கீழக்கரை

கொடிக்கால் போட்டார்கள். முதலில் அகத்தியை விதைத்து ஆளுயரம் வளரவிட்டு, அதன் நிழலில் வெற்றிலைக் கொடியை நட்டு, அகத்தியிலேயே படரவிட்டார்கள். சுற்றிலும் காற்றுக்கு மறைப்பு. நிழல் அதிகமானால் அகத்தியைக் கழித்துவிடுவார்கள். கழித்த தழை கறிக்கும் ஆட்டுக்கும் போகும். நிழலைக் கூட்டிக் குறைக்கிற அந்த வசதி உங்கள் ஐம்பது சதவீத வலையில் கிடையாது.

ஆடு வலையைத் தின்னுமா?
– ஏர்வாடி வாசகர்

சுவரொட்டியைத் தின்னுகிற பிராணியிடம் உத்தரவாதம் கேட்கிறீர்கள். கீழே மூன்றடிக்கு முள்வேலி போடுங்கள். மாவட்டத்தில் சீமைக்கருவேலத்துக்கா பஞ்சம்?

சின்னக் குடிலில் காசு பார்க்க முடியுமா?
– சுய உதவிக் குழு உறுப்பினர், அக்காள்மடம்

காய்கறி விற்றுப் பார்ப்பது கஷ்டம். நாற்று விற்றால் உண்டு, அதற்குப் பாடம் படிக்க உங்களுக்குப் பக்கத்து ஊரே போதும். தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று மதுரைப் பக்கத்து மல்லித் தோட்டங்களுக்கும் அதைத் தாண்டியும் போகிறது. ராமநாதபுரம் குண்டுமல்லி என்று வேளாண் புத்தகத்தில் தனி ரகமாகவே பெயர் இருக்கிறது. பாதி முற்றிய குச்சியை வெட்டி, ஈர மணலில் நெருக்கமாக ஊன்றி, நிழலும் ஈரமும் குறையாமல் வைத்தால் வேர்விடும். காய்கறிக்காரர் சபிக்கிற மணல்தான் இங்கே மூலதனம்: நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறாமல் உருவிக்கொண்டு வரும், களிமண்ணில் பாதி வேர் தங்கிவிடும். உங்கள் குடிலுக்குள் ஒரு மூலையில் கத்தரி வைப்பதை விட்டுவிட்டு முழுவதையும் நாற்றங்கால் ஆக்குங்கள். பூவுக்கு விலை ஏறும் இறங்கும். நாற்றுக்காரர் பூ பூக்கும் முன்பே காசு வாங்கிவிடுகிறார்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டிலும், கொல்லை மண் ஒரு பொட்டலமும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு என்ன நடலாம் என்று எழுதவும்.
– திருப்புல்லாணி வாசகர்

பாட்டில் ஒழுகிவிட்டது. மண்ணும் அதுவும் சேர்ந்து மற்ற வாசகர்களின் கடிதங்களில் ஏறிக்கொண்டன. இரண்டு கேள்விகளை மோந்து பார்த்துத்தான் ஊர் கண்டுபிடித்தோம். மண்ணை ஒரே இடத்தில் எடுக்கக் கூடாது. கொல்லையில் ஐந்தாறு இடத்தில் அரையடி ஆழத்துக்குக் குழி எடுத்து, பக்கவாட்டில் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து நிழலில் உலர்த்தி அரைக் கிலோ எடுங்கள். தண்ணீருக்கு மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவி நிரப்புங்கள். இரண்டையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உப்பு விவகாரத்துக்கென்றே ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள். எனக்குக் கேள்வியை மட்டும் அனுப்பினால் போதும், உலர்ந்த காகிதத்தில்.