ஒரே ரூம் போதும் அப்பா

புழலில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் எதிராளி முதலில் சிரிப்பார், அப்புறம் "எப்ப வெளிய வந்தீங்க?" என்பார். 2006இல் மத்திய சிறை இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து ஊருக்கு இந்தத் தலையெழுத்து. 1876இல் கட்டிய ஏரி ஒன்று இங்கே இருக்கிறது, சென்னையே அதைக் குடிக்கிறது. அதைப் பற்றி ஒருத்தரும் விசாரிப்பதில்லை.

காவாங்கரை, லட்சுமிபுரம், சூரப்பட்டு என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் 'ஒரே ரூம் போதும்' அப்பா ஒருவர் தென்படுவார். மணலியிலோ எண்ணூரிலோ ஷிப்டு பார்த்து ரிட்டயர் ஆனவர். பி.எஃப். பணத்தில் மாடி எடுத்து பெரியவனுக்கு ஒரு ரூம், சின்னவளுக்கு ஒரு ரூம் என்று கட்டிக் கொடுத்தவரும் இவரேதான். ஆனால் வாசற்படி தாண்டிவிட்டால் சட்டம் மாறிவிடும். திருப்பதியோ ராமேஸ்வரமோ கல்யாணத்துக்குப் போன மதுரை லாட்ஜோ, நாலு பேருக்கும் ஒரே ரூம். "ராத்திரி கண்ணை மூடத்தானே போறோம்? மூடின கண்ணுக்கு ரூம் எதுக்குடா பெருசா?"

இப்போது பெரியவனுக்கு இருபத்தெட்டு வயது, சிறுசேரியில் ஐ.டி. வேலை. சின்னவளுக்கு இருபத்தைந்து, பெங்களூரில் தனி அறை, தனிக் குளியலறை. சட்டத்தில் இதனால் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் சென்னைத் துறைமுகத்துக்கு 'எம்பிரஸ்' என்ற சொகுசுக் கப்பல் வந்தது. 2022 ஜூன் 4ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். விசாகப்பட்டினம் போய், புதுச்சேரி வழியாகத் திரும்புவதாகத் திட்டம். புதுச்சேரிக்காரர்கள் 'சூதாட்டக் கப்பல் இங்கே வேண்டாம்' என்று அனுமதி மறுத்துவிட்டார்கள். அப்பா பேப்பரில் அதைப் படித்துவிட்டு, இறங்கிச் சுற்றிப் பார்க்கும் செலவே இல்லாத பயணம் எது என்று விசாரித்தார். கிடைத்தது: ரெண்டு ராத்திரி நடுக்கடலைப் பார்த்துவிட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்புவது.

"எங்கப்பா போறோம்?"

"எங்கேயும் போகலம்மா. திரும்பி வர்றோம்."

1990இல் பிரான்சில் கட்டிய கப்பல் அது. பதினொரு தளம், எண்ணூறுக்கு நாலைந்து குறைவாக அறைகள். "எண்ணூறு ரூம் இருக்கிற கப்பல்ல நமக்கு ஒண்ணு போதாதா?" என்று அப்பா கேட்டபோது அம்மாவுக்கே பதில் வரவில்லை. ஒரே அறையில் மூணாவது, நாலாவது ஆளுக்குக் கட்டணம் குறையும் என்ற விவரம் அவர் கையில் சிக்கியிருந்தது. அதிலும் கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் ஜன்னலில்லாத அறைதான் மலிவு. "புழல்ல உள்ள இருக்கிறவங்களுக்குக்கூட ஜன்னல் இருக்கும்பா" என்றான் பெரியவன். அப்பா காதில் விழவில்லை.

அறையைப் பார்க்க வேண்டுமே! கதவைத் திறந்தால் கட்டில். கட்டிலைச் சுற்றி ஒரு முழ இடம். சுவரிலிருந்து இழுத்தால் மேலே இன்னும் ரெண்டு படுக்கை இறங்கும், ஏற ஒரு சின்ன ஏணி. பாத்ரூமில் ஒருவர் குனிந்தால் முதுகு கதவைத் திறந்துவிடும். கழிவறைப் பொத்தானை அமுக்கினால் காற்று உறிஞ்சும் சத்தத்தில் மேல்படுக்கைக்காரன் எழுந்து உட்காருவான். உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். அதனால் மறுபடி படுத்துவிடுவான்.

பிளக் பாயின்ட் பற்றாக்குறை. போன் நாலு, லேப்டாப் ஒன்று, அப்பாவின் டார்ச் லைட் ஒன்று. கப்பலில் டார்ச் எதற்கு என்று கேட்கக்கூடாது.

ஆள் அசரவில்லை. முதல் நாள் சாயங்காலமே கப்பல் லெட்டர்பேடில் டூட்டி சார்ட் எழுதிக் கதவில் சொருகினார். பாத்ரூமுக்கு ஏ ஷிப்டு: அவர், நாலரை மணிக்கு. பி ஷிப்டு: அம்மா. பிள்ளைகள் ஜெனரல் ஷிப்டு. ஜன்னல் இல்லாததால் பகலா இரவா என்று மற்ற மூவருக்கும் குழப்பம். சங்கு ஊதாமலே நேரம் சொல்லும் மனுஷனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நாலரைக்குத் தொண்டையைச் செருமுவார், கப்பலே விழித்துக்கொள்ளும்.

அம்மா வேறு தினுசு. அறையைச் சுத்தம் செய்யும் பையன் குளியல் துண்டை யானைக்குட்டியாக மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். "பாவம், எவ்வளவு மெனக்கெட்டிருக்கான், பிரிக்காதே" என்று அம்மா தடை போட்டுவிட்டாள். சின்னவள் தலைக்குக் குளித்துவிட்டு அண்ணன் டி-சர்ட்டில் துவட்டிக்கொண்டாள். ஈரத் துணியெல்லாம் ஏணியில் காய்ந்தது. பெரியவன் ராத்திரி இறங்கும்போது அம்மாவின் உள்பாவாடை காலில் சுற்றியது.

யாராவது முனகினால் அப்பா 'ரஜூலா'வை எடுப்பார். மெட்ராசிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் போய்வந்த பழைய கப்பல். 1926இல் வந்தது, எழுபதுகள் வரை ஓடியது. "உங்க பெரிய தாத்தா அதுல டெக்குல பாய் விரிச்சுப் போனாரு, ஆயிரக்கணக்கான ஜனத்தோட. ரூமாம் ரூம்!" பெரிய தாத்தா பிழைக்கப் போனார், நாம் பஃபே சாப்பிட வந்தோம் என்று சின்னவள் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

கஞ்சத்தனம் என்று இவரை ஒரே வார்த்தையில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. சூதாட்ட அறைப் பக்கமே போகாதவர், பிள்ளைகள் கேட்ட போட்டோவுக்கெல்லாம் யோசிக்காமல் பணம் கொடுத்தார். மாடியில் தான் கட்டிய ரெண்டு ரூமும் சாத்தியே கிடப்பதை வருஷக்கணக்கில் பார்த்தவர். கரை மறைந்ததும் போனில் சிக்னலும் போக, வேறு வழியில்லாமல் நாலு பேரும் கட்டிலில் சம்மணமிட்டு நடுநிசி வரை ரம்மி ஆடினார்கள். அப்பா வேண்டுமென்றே தோற்றார் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு நம்பிக்கையில்லை, அவருக்கு ரம்மி வராது.

திரும்பும்போது மேல்தளத்தில் எல்லோரையும் நிறுத்திவைத்து, "அதோ காசிமேடு, அதோ எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கி" என்று காட்டினார். ஐம்பது ரூபாய் பஸ் டிக்கெட்டில் பார்க்கக்கூடியதை இவ்வளவு செலவழித்துப் பார்க்கிறோமே என்று பெரியவன் வாயைத் திறப்பதற்குள் அவரே, "கடல்ல இருந்து பாத்தாத்தான்டா நம்ம ஊரு அழகு" என்று முடித்துவிட்டார்.

அடுத்து இலங்கை என்று பேச்சு. 2023இல் இதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை போய்வந்த பேப்பர் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு யோசனை: டிக்கெட்டை நீங்களே போடுங்கள். ரெண்டு ரூம் எடுத்துவிட்டு, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று சொல்லிவிடுங்கள். இலவசம் என்றால் அப்பா வேண்டாம் என்று சொல்லமாட்டார்.