இரவுக்குறி இடையீடும் இரண்டாவது ரிமோட்டும்: ஓர் ஆய்வு

தொண்ணூறுகளில் டிவி கேம் கேசட்டை ஊதி ஊதிச் செருகி வளர்ந்த தலைமுறை இன்று பிள்ளை பெற்றுவிட்டது. விளையாட்டை மட்டும் விடவில்லை. கான்ட்ராவில் சுட்டுப் பழகிய கை இப்போது நின்டெண்டோ ஸ்விட்சையும் பிடிக்கிறது, பால் பாட்டிலையும் பிடிக்கிறது. இந்த நெருக்கடிக்கு நம் இலக்கணிகள் எப்போதோ சூத்திரம் செய்துவிட்டார்கள் என்பதே இவ்வாய்வின் துணிபு.

களவொழுக்கத்தில் தலைவன் இரவில் வந்து தலைவியைச் சந்திக்கும் இடம் இரவுக்குறி. அவன் வரவைக் கெடுக்கும் இடையூறுகள் ஏழு என்கிறார் நாற்கவிராச நம்பி, தம் அகப்பொருள் விளக்கத்தில். தலைவி இருக்க வேண்டிய இடத்தில் கேமை வைத்துப் பாருங்கள், ஏழும் வந்து பொருந்தும். இங்கு ஐந்து மட்டும். ஊர் துஞ்சாமை என்பது மேல்வீட்டுக்காரர் பத்தரை மணிக்கு நாற்காலி இழுப்பது. காவலர் கடுகுதல் என்பது ஃபிரிட்ஜில் தண்ணீர் எடுக்க வரும் மாமியார். நிலவு வெளிப்படுதல், கதவிடுக்கு வழியே கட்டிலில் விழும் டிவி வெளிச்சம். நாய் துஞ்சாமைக்கு உரை தேவையில்லை. அதே நாய், அதே தெரு. தாய் துஞ்சாமைதான் எல்லாவற்றிலும் கொடியது. “என்னங்க, பாப்பா தூங்கிட்டாளா?” என்று சமையற்கட்டிலிருந்து வரும் குரலிலேயே பாப்பா எழுந்துவிடுவாள்.

எட்டாவதாக மகவு துஞ்சாமையை நம்பி சேர்க்கவில்லை. குறை சொல்வதற்கில்லை. கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு களவில் இறங்கும் தலைவனை எந்த இலக்கணம்தான் எதிர்பார்க்கும்?

இந்த எட்டாவது இடையூறு இருவகைப்படும்: தூங்காமை, தூங்கியதுபோல் கிடத்தல். பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. பிள்ளையின் கையை லேசாகத் தூக்கி விட வேண்டும். ஈரத் துணிபோல் விழுந்தால் உறக்கம். அந்தரத்தில் அரை நொடி நின்றால் நடிப்பு. உறக்கம் உறுதியானதும், பனியனைப் பிடித்திருக்கும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். சுண்டுவிரல் கடைசி. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் மின்விசிறி நிற்பது இயற்கையின் கூற்று. ஆய்வு வரம்புக்கு வெளியே.

அடுத்துக் கருவிகள். 1983இல் ஜப்பானில் வெளியான நின்டெண்டோவின் ஃபாமிகாமில் ஒரு விசித்திரம் உண்டு. முதல் ரிமோட்டில் ஸ்டார்ட் பொத்தான் இருந்தது; ஆட்டத்தை நடுவில் நிறுத்த அதுதான் வழி. இரண்டாவது ரிமோட்டில் அது இல்லை, பதிலுக்கு ஒரு மைக் வைத்திருந்தார்கள். அதாவது இரண்டாம் ஆள் கத்தலாம், நிறுத்த முடியாது. பிள்ளை பிறந்த வீட்டில் இந்த அமைப்பு குலைந்துபோகிறது. கத்துகிறவர் எவரோ, நிறுத்துகிறவரும் அவரே.

ஆகவே, நிறுத்த முடியாத ஆட்டம் குடும்பஸ்தனுக்கு ஆகாது. 2011இல் வந்த டார்க் சோல்ஸில் பாஸே கிடையாது. அரக்கனின் உயிர் நூலளவு மிச்சமிருக்கையில் “அப்பா, உச்சா” என்று குரல் வந்தால் சாவது அரக்கன் அல்ல. ஆன்லைன் ஆட்டங்களும் இந்த இனமே. ஸ்விட்ச் அப்படியல்ல, ஒரு பொத்தானைத் தட்டினால் விட்ட இடத்திலேயே உறங்கிவிடும். பிள்ளைகளுக்கு அப்படியொரு பொத்தான் வைக்காதது வடிவமைப்புப் பிழை என்றே கொள்ள வேண்டும்.

பகலில் விளையாடுவோர் சார்ஜ் இல்லாத ரிமோட்டைப் பிள்ளை கையில் கொடுத்து ஏய்ப்பது பரவலான மரபு. இவ்வாய்வாளருக்கு அதில் உடன்பாடில்லை. அது தொப்பி போடும் வேலை. தவிர, நான்கு வயதுக்குள் குட்டு வெளிப்பட்டுவிடும். 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அந்த ஒரு மணியிலும் பொய் ரிமோட்டா? தகப்பன்களுக்கு எவ்வளவு என்று அந்த அறிக்கை சொல்லவில்லை; அதை வீட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

நேர்மையான வழி 2017இல் வந்த சூப்பர் மாரியோ ஒடிசியில் இருக்கிறது. அதில் முதல் ஆள் மாரியோ, இரண்டாம் ஆள் அவர் தலையிலிருக்கும் தொப்பி. பிள்ளையைத் தொப்பியாக்குவதுதான் திட்டம். நடைமுறையில் மாரியோ யார் என்பது அழுகையால் தீர்மானிக்கப்பட்டு, தகப்பன் தொப்பியானார். ஆட்டத்தில் துணிக்கடை ஒன்று இருப்பதைப் பாப்பா கண்டுகொண்டாள். வில்லன் பவுசரிடம் சிக்கிய இளவரசியின் கட்டாயக் கல்யாணத்தைத் தடுக்கப் புறப்பட்ட மாரியோ, சேர்த்த காசையெல்லாம் கொட்டி, இப்போது அந்தக் கல்யாணத்துக்கே துணி எடுத்துக்கொண்டிருக்கிறார்.