சட்டியும் அகப்பையும்

கே: என் பழைய மாருதி 800க்கு, குறைந்த செலவில் நானே காற்றிழுக்கும் பிவிசி குழாயும் புது எயார் ஃபில்டரும் பூட்டினால், நானுஓயா ஏற்றத்தில் பறக்குமா? (ஹட்டன் வாசகர்)

ப: பறக்கும், குழாய் மட்டும்! அந்த ஏற்றம் போய்ச் சேரும் நுவரெலியாவின் உயரம் 1,868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

பூட்டியே தீருவதென்றால் குழாயின் வாயை ரேடியேட்டருக்குப் பின்னால் விடாதீர்கள். சூடான காற்று இன்னும் மெலிந்தது. தாழ்வாகவும் வைக்காதீர்கள். என்ஜின் மழைத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தாலும் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். முதலில் அந்தப் பழைய ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள், பாதித் தோட்டத்துப் புழுதி அதற்குள் இருக்கும்.

கே: மகாகஸ்தொட்டையில் மட்டும் எப்படிப் பறக்கிறார்கள்?

ப: 1934இல் தொடங்கிய நுவரெலியா கார் மலையேற்றப் போட்டி அது. டர்போ பூட்டியவர் காற்றிடம் கையேந்துவதில்லை, பிடித்துத் தள்ளுகிறார். அந்தச் செலவுக்கு இன்னொரு மாருதி வாங்கலாம்.

கே: குழாய் மாற்றிய என் நண்பரின் காரில் சத்தம் கூடியிருக்கிறதே, வேகமும் கூடியிருக்கும்தானே?

ப: மே தின மேடையில் சத்தம் கூடும்போதெல்லாம் உங்கள் சம்பளம் கூடியதா?