ரெண்டரை நிமிசத்துக்கு ஒரு பொட்டலம்

வா தாயி, திண்ணையில உக்காரு. மதுரையில ஏதோ உணவுத் திருவிழாவாம். ரெண்டு நாளைக்கு மேசை போட்டு எள்ளுருண்டை விக்கப் போறியாம். ஒங்க ஆச்சி ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டா. அம்பதாயிரம் சனம் வரும்னு மேசைக்கு ஆள் புடிக்க வந்த அந்தத் தம்பி சொன்னானாமே? வரட்டும். அழகர் ஆத்துல எறங்கையில மதுரைக்கு வராத சனமா? அம்பதாயிரத்துல எள்ளுருண்டை வாங்கணும்னு நெனச்சு வீட்டை விட்டுக் கெளம்புறவுக எத்தனை பேருன்னு கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. அவன் லேப்டாப்புல கலர் கலராக் கோடு காட்டியிருப்பான், நீயும் ஒன் புருசனும் மாறி மாறித் தலையாட்டியிருப்பீக.

சரி, பேனாவை எடு. நான் நாலாங்கிளாஸ், நீ பி.காம். நீயே கூட்டு.

மேசை வாடகை 6,000. அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 7,080. நீ ஜிஎஸ்டி பதிவு பண்ணாதவ, கட்டுன வரி போனது போனதுதான். பஸ்ஸு, லக்கேஜ், மாட்டுத்தாவணியில எறங்கி ஆட்டோ, எல்லாம் சேர்த்துப் போக வர 1,500. கூடமாட நிக்க ஒரு பிள்ளை, நாளைக்கு 700ன்னா ரெண்டு நாளைக்கு 1,400. தங்குறதுக்குச் சித்தி வீடு இருக்கு, வாடகை கெடையாது. ஆனா வெறுங்கையோட போக முடியுமா? பழம், பூ, வெளியில சாப்புடுற சாப்பாடு, ஒரு 600. ருசி பாக்கப் புட்டுப் புட்டுக் குடுக்கிற உருண்டை 500 ரூவாய்க்கு. என்ன வருது? 11,080. ம்.

பொட்டலம் 60 ரூவா. எள்ளு, உடன்குடிக் கருப்பட்டி, கேஸ், கவர்னு 38 போயிருது. விடிய விடிய உருட்டுன ஒன் கைக்கூலியை நீ சேர்க்கல. தர்மவதி! மிச்சம் 22. இப்ப 11,080-ஐ 22-ஆல வகு. 504 பொட்டலம். அம்புட்டும் வித்தாப் போட்ட காசு வரும். 505-வது பொட்டலத்துல இருந்துதான் முழு லாபம், பொட்டலத்துக்கு இருவத்திரெண்டு ரூவா.

நாளைக்குப் பத்து மணி நேரம் கடைன்னா ரெண்டு நாளும் சேர்த்து இருவது மணி நேரம். மணிக்கு 25 பொட்டலம். ரெண்டரை நிமிசத்துக்கு ஒண்ணு போயிட்டே இருக்கணும். ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா ரெண்டு பொட்டலம் நட்டம் தாயி. இதுல ஒரு அக்கா வந்து நிப்பாக. இது வெல்லமா கருப்பட்டியா, எங்க வீட்டுக்காரருக்குச் சுகர், சாப்புடலாமாம்மா, எத்தனை நாள் தாங்கும், அம்பது ரூவாய்க்குத் தருவியா. கேட்டு முடிய பத்து நிமிசம். முடிச்சுட்டு, சுத்திட்டு வாரேன்மாம்பாக. உள்ள போற வழி ஒண்ணு, வெளிய போற வழி வேற. அவுக எங்கிட்டுத் திரும்பி வர?

ருசி பாக்க வாரவன் கதை தனி. மொதல்ல தனியா வருவான். அடுத்தவாட்டி சட்டைப்பையில இருக்கிற கண்ணாடியை மாட்டிட்டு வருவான். மூணாவது வாட்டி பொண்டாட்டி பிள்ளைகளோட வந்து, 'இந்தா, இதான் நான் சொன்ன கடை'ன்னு காட்டுவான். ஒனக்குச் சந்தோசமா இருக்கும். தட்டு காலியாயிரும்.

எடம் எங்கன்னு அந்தத் தம்பிகிட்டக் கேட்டியா? வாசப்பக்கம்னு சொல்லி மயக்குவான். வாசல்ல நொழையுறவுக பூராவும் பார்த்துட்டு வாங்கலாம்னுதான் நடப்பாக. மேடைக்குப் பக்கம்னு சொன்னா வேண்டவே வேண்டாம். சனம் பூரா ஒனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஆட்டம் பார்க்கும், அந்த ஒலிபெருக்கிச் சத்தத்துல நீ அறுவதுன்னா அவுகளுக்கு இருவதுன்னு கேக்கும். வெளிய போற வழியில, பிள்ளை அழுது, கால் வலிச்சு, கையில கொஞ்சம் சில்லறையும் மிஞ்சி நிக்கிற எடத்துல குடுத்தான்னா யோசிக்கலாம். அந்த எடத்தைத் தரமாட்டான். அங்க டெல்லி அப்பளக்காரன் எண்ணெய்ச் சட்டியை வச்சிருப்பான், அவன் ஒன்னைய மாதிரி கலர்க்கோட்டைப் பாத்து மயங்குறவனா?

நம்ம பக்கத்துத் திருவிழாக் கடைக்காரவுகளைப் பாரு. பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை, ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில், பனிமய மாதாவுக்குத் தூத்துக்குடி, தசராவுக்குக் குலசேகரப்பட்டினம், சஷ்டிக்குத் திருச்செந்தூர். அவுகளும் தரைக்கு வாடகை குடுக்கத்தான் செய்யுதாக, சும்மா யாரு விடுதா? ஆனா எந்தக் கூட்டம் எதைக் கையில வாங்காம வீடு திரும்பாதுன்னு அவுகளுக்குத் தெரியும். பொரிகடலை, பேரீச்சம்பழம், பிள்ளைக்கு ஊதல், பொம்பளைகளுக்கு வளையல். ஒரு ஊருல ஒரு வருசம் கை சுட்டுதுன்னா அடுத்த வருசம் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டாக. அதனால போன வருசம் இந்த மதுரைத் திருவிழாவுல கடை போட்ட நாலு பேரு நம்பரை வாங்கு. தீனி வித்தவுகளாப் பாத்து வாங்கு, இல்லாட்டி அந்தத் தம்பி கார் கம்பெனிக்காரன் நம்பரைக் குடுத்துருவான். இந்த வருசமும் போடுதீகளான்னு மட்டும் கேளு. வியாபாரம் எப்படின்னு கேட்டா எல்லாரும் 'சூப்பர்'னுதான் சொல்லுவாக, நட்டத்தை யாரு ஒத்துக்கிடுவா?

போகவே கூடாதுன்னு நான் சொல்லலைத்தா, மூஞ்சியைத் தூக்காத. நம்ம ஊருல இருந்துகிட்டு இனிப்பு உருண்டை விக்கிறது லேசுப்பட்ட சோலி இல்ல. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-லயே புவிசார் குறியீடு வந்துருச்சு, எந்தப் பெட்டிக்கடையில இல்ல? வெளியூருலதான் ஒனக்கு வழி. விளம்பரமா நெனச்சுக்கோங்கன்னு அந்தத் தம்பி சொன்னான் பாரு, அது மட்டும் பொய்யில்ல. அப்ப விளம்பரமாவே பண்ணு. பொட்டலத்துல ஒம் பேரு, போன் நம்பர், எடை, செஞ்ச தேதி, விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவு நம்பர், எல்லாம் தெளிவா இருக்கட்டும். மதுரையில நாட்டு மருந்துக்கடை, சிறுதானியக் கடை வச்சிருக்கவுக வந்தா ஒக்கார வச்சுப் பேசு, தனி நோட்டுல எழுதிக்கோ. மாசாமாசம் அம்பது பொட்டலம் எடுக்கிற கடை நாலு சிக்குச்சுன்னா, அன்னைக்கு மேசையில நூறுதான் வித்தாலும் நட்டம்னு நான் சொல்லமாட்டேன். கருப்பட்டி உருண்டை, மிஞ்சினாலும் மல்லிப்பூவாட்டம் சாயங்காலத்துல வாடிறாது.

இன்னொண்ணு. எதுத்த தெரு துணிப்பை தைக்கிற பிள்ளை இருக்காள்ல, அவகூட மேசையைப் பாதியாப் பிரிச்சுக்கோ. அந்தத் தம்பி கூடாதும்பான், ரூல்ஸும்பான். மேசை காலியாக் கெடந்தா அவனே ஒத்துக்கிடுவான். அப்பறம், நீ மகளிர் குழுவுல இருக்க. மகளிர் திட்ட ஆபீஸுல போயி, குழுக்களுக்குக் கண்காட்சியில எடம் எப்ப ஒதுக்குதாகன்னு ஒரு வார்த்தை கேட்டியா? அங்க கலர்க்கோடு காட்ட ஆளில்ல, அதான் போகல.

இப்ப போனைப் போடு அந்தத் தம்பிக்கு. மழை வந்து கூட்டம் நின்னுபோனா பணம் திரும்ப வருமா, எங்கன எழுதியிருக்குன்னு கேளு. எள்ளுருண்டைக் கடை இன்னும் எத்தனைக்கு எடம் குடுத்திருக்கீகன்னு கேளு. ஸ்பீக்கர்ல போடு. அவன் பதில் சொல்லுதானா, இருமுதானான்னு நான் கேட்டுச் சொல்லுதேன்.