பூட்டாத பூட்டு

சட்டம் எழுதினால் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தார் மாதிரி எழுத வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பள்ளியிலேயே தனியறையில் அடைக்கலாமா என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. 2019 வரை இருந்த விதிகளில், அறை எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் அக்கறையெல்லாம். பக்கத்து அறைக்கு என்ன உயரமோ, இதற்கும் கூரை அதே உயரம். பிளக் பாயின்ட் கூடாது. பிள்ளை சுவரில் ஏற முடியாதபடி கட்ட வேண்டும். (உயிர் பயத்தில் சுவரேறிய பிள்ளையை நேரில் பார்த்த புண்ணியவான் யாரோ எழுதிய வரி இது.) கதவுப் பூட்டோ அதிசயம்: வெளியே ஒருவர் கைப்பிடியைப் பிடித்திருக்கும்வரைதான் பூட்டியிருக்கும். ஆகவே நாங்கள் பூட்டவில்லை ஐயா, சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளை அடங்கிவிட்டதா? அதற்கப்புறமும் 30 நிமிடம் வரை உள்ளே வைக்க அனுமதி இருந்தது. மரியாதைக்கு.

அறைக்கு வைத்த பெயர்களையும் கேளுங்கள்: அமைதி அறை, சிந்தனை அறை. ஆட்டிசம் உள்ள ஏழு வயதுக் குழந்தை கதவை உதைத்துக் கதறிக்கொண்டே என்னத்தைச் சிந்திக்கும்?

ஆபத்து என்றால் மட்டுமே அடைக்கலாம் என்பது அன்றைய விதி. 2017-18 கல்வியாண்டையும் அடுத்த சில மாதங்களையும் புரோபப்ளிக்கா செய்தி நிறுவனமும் சிகாகோ டிரிபியூன் நாளிதழும் தோண்டின. 20,000 முறைக்கு மேல் அடைத்திருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட ஆபத்துகள்! பாலைக் கொட்டியது. லெகோ கட்டையை எறிந்தது. பாடம் செய்ய மாட்டேன் என்றது. உள்ளே பிள்ளை அழ, வெளியே உட்கார்ந்து நிமிட வாரியாகக் குறிப்பெழுதினார்கள். எழுதத் தெரிந்த கைக்குக் கதவைத் திறக்கத் தெரியவில்லை. அந்தத் தாள்களை மாநிலக் கல்வித் துறை கேட்டு வாங்கிப் பார்த்ததும் இல்லை.

2019 நவம்பரில் செய்தி வந்தது. மறுநாளே தனியே அடைப்பதற்கு மாநிலத்தின் அவசரத் தடையும் வந்தது. குப்புறக் கிடத்தி அமுக்குவதற்கும் சேர்த்துத்தான் தடை. பள்ளிகள் பதறின, அமுக்காமல் எப்படிப் பாடம் நடத்துவது? சில வாரங்களில் அதற்கு மட்டும் நிபந்தனைகளோடு அனுமதி திரும்பியது. அதை ஒழிக்கச் சட்டம் வர 2021 ஆனது.

நாடு முழுக்கக் கணக்கு எடுத்தார்கள். 2017-18இல் கட்டுப்படுத்தப்பட்டோ அடைக்கப்பட்டோ சிக்கிய மாணவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். மாணவர்களில் 13 சதவீதமே மாற்றுத்திறனாளிகள். பிடித்து அமுக்கப்பட்டவர்களில் அவர்கள் 80 சதவீதம். இதுவும் பள்ளிகளே சொன்ன கணக்கு. 2015-16இல் 70 சதவீதக் கல்வி மாவட்டங்கள் சொன்னது பூஜ்யம். பிள்ளைகளை அடைத்துக்கொண்டே வருடக்கணக்கில் பூஜ்யம் எழுதி அனுப்பியது வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கல்வி மாவட்டம்.

மருத்துவமனையில் இருக்கும் பிள்ளையை இஷ்டத்துக்குக் கட்டக்கூடாது என்று 2000த்திலேயே கூட்டாட்சிச் சட்டம் உண்டு. பள்ளிப் பிள்ளைக்கு? 2009இல் ஒரு மசோதா வந்தது. 2010இல் கீழவை நிறைவேற்றியது, செனட் படுத்துக்கொண்டது. அதன் பிறகு அந்த மசோதா திரும்பத் திரும்ப அறிமுகமாகி, திரும்பத் திரும்ப உள்ளே போகிறது. 2009இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டு முடித்து வெளியே வந்தாயிற்று. மசோதா மட்டும் உதைக்காமல், கத்தாமல், சுவர் ஏறாமல் கிடக்கிறது. அது அடங்கி 30 நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, கைப்பிடியை யாராவது விடக்கூடாதா?